கோடு போடுபவரும் கோடிங் எழுதுபவரும்



டிராயிங்கில் அளவு மட்டும் இருந்தால் போதுமா? டாலரன்ஸும் வேண்டும் அல்லவா? கூடினால் எவ்வளவு, குறைந்தால் எவ்வளவு என்று குறிக்காத டிராயிங்கை வைத்துக்கொண்டு ஃபிட்டர் என்னதான் செய்வார், பாவம்!

வெப்சைட் தயாரிப்பிலும் இதே கதைதான். வடிவமைப்பாளர் பெரிய திரையில் அழகாக வரைந்து கொடுக்கிறார். புரோகிராமர் அதை அப்படியே கட்டிவிடுகிறார். சின்ன போனில் திறந்தால் பாதிப் பக்கம் திரைக்கு வெளியே! சென்ற ஆண்டு ஓர் உதவித்தொகை விண்ணப்பத்தில் எனக்கு இப்படித்தான் ஆச்சு. 'சமர்ப்பி' பட்டன் அம்மாவின் பழைய போனில் தெரியவே இல்லை. மணலி புதுநகரிலிருந்து திருவொற்றியூர் போய், பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து முடிச்சேன். எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். வீட்டில் கேட்டுத் தெரிஞ்சுக்க யாரும் இல்லை. அப்படிப்பட்டவனுக்கு ஒரு பட்டன் மறைவது சின்ன விஷயமா?

2010-இல் ஈதன் மார்காட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் இதற்கு வழி சொன்னார். நெகிழும் கட்டங்கள், நெகிழும் படங்கள், திரையின் அகலத்துக்கேற்ப அமைப்பை மாற்றும் கட்டளைகள். இந்த மூன்றும் சேர்ந்ததே 'ரெஸ்பான்சிவ்' வடிவமைப்பு. டிராயிங்குக்கு டாலரன்ஸ் போல!

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' வரைபடத்தைக் கொண்டு ஓர் இணையப் பக்கம் உருவானது. தண்ணீர் நின்ற தெருக்களைப் பொதுமக்களே அதில் குறித்தார்கள். இப்படி ஒரு பக்கத்தை நாம் செய்தால்? தெருக்கோடு விரலுக்கு அகப்படும் தடிமனில் இருக்கணும். அது வரைபவர் பொறுப்பு. சிக்னல் மங்கிய நேரத்திலும் சட்டென்று திறக்கணும். அது எழுதுபவர் பொறுப்பு. ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் யாருக்குப் பயன்?

ஆகவே என் தாழ்மையான கருத்து இதுதான். படத்தை முடித்துக் கையில் கொடுக்கிற பழக்கம் வேண்டாம். இருவரும் முதல் நாளே சேர்ந்து உட்காரணும். சின்னத் திரையில்தான் தொடங்கணும். வரையும்போதே நிஜமான தமிழ்ச் சொற்களைப் போடணும். 'லாகின்' அடங்குகிற பெட்டியில் 'உள்நுழைவு' அடங்குமா? வாரம் ஒருமுறை, இருப்பதிலேயே விலை குறைந்த போனில் சோதிக்கணும். "இந்தப் படம் கனம், மெதுவான நெட்டில் வராதுப்பா" என்று எழுதுபவர் அப்போதே சொல்லணும். "இந்த அகலத்துக்குக் கீழே மெனு மடங்கட்டும்" என்று வரைபவரும் சொல்லணும்.

இறுதியாண்டு புராஜெக்ட் நமக்கு நல்ல வாய்ப்பு. வரையத் தெரிந்த ஒருவரையும் எழுதத் தெரிந்த ஒருவரையும் ஒவ்வொரு பேட்சிலும் சேர்ப்போம். ஒரே பெஞ்சில் உட்காருவோம், ஏழை வீட்டுப் போனிலும் திறக்கும் பக்கங்களைப் படைப்போம்!