தேடியெடுத்த கற்கள்

போஸ்னியாவின் பானியா லூக்கா நகரில் 1579-ஆம் ஆண்டு எழுந்தது ஃபர்ஹாதியா பள்ளிவாசல். அந்நகர் செர்பியர் ஆளுகையில் இருந்த 1993 மே 7 அதிகாலை அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். இடிபாடுகளையும் விட்டுவைக்கவில்லை, குப்பைமேட்டிலும் நீர்த்தேக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டினர். அவ்வூர் முஸ்லிம்களில் பெரும்பாலோர் விரட்டப்பட்டனர்.

போர் ஓய்ந்தபின் புதுக் கட்டடம் ஒன்றை எழுப்பியிருக்கலாம், செலவும் குறைந்திருக்கும். ஆனால் அம்மக்கள் பழைய கற்களையே நாடினர். குப்பைமேட்டிலிருந்து மீட்ட கற்களைப் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, எந்தக் கல் எந்தச் சுவருக்குரியது என நிபுணர்கள் கண்டறிந்தனர். எத்தனை பொறுமை வேண்டும், எண்ணிப் பாருங்கள்!

2001 மே 7-இல் அடிக்கல் நாட்டத் திரண்டோரை வன்முறைக் கும்பல் தாக்கியது. முதியவர் ஒருவர் உயிரிழந்தார். பணியை அவர்கள் கைவிடவில்லை. 2016 மே 7 அன்று, தகர்க்கப்பட்ட அதே தேதியில், பள்ளிவாசல் மீண்டும் திறக்கப்பட்டது. அயல்நாடுகளில் சிதறிப்போனவர்களும் அன்று திரும்பி வந்திருந்தனர்.