ராமானுஜன் விட்ட ஓர் எண்



டிசம்பர் 22 வந்தால் பள்ளிகளில் ராமானுஜன் படத்துக்கு மாலை போடுகிறோம். நாமகிரித் தாயார் கனவில் சூத்திரம் சொன்னதையும், 1729 டாக்சிக் கதையையும் சொல்லி முடித்துவிடுகிறோம். "அது சாமி கொடுத்த வரம், நமக்கு வராது" என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவருடைய பக்தியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் உழைப்பை மறைத்து வரத்தை மட்டும் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து.

அந்த உழைப்பைக் காட்ட ஒரு பகு எண்ணைச் சொல்கிறேன்: 6746328388800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரம் கோடிக்கும் மேல்.

முதலில் சின்னதாகப் பார்ப்போம். பாகூர் பக்கம் ஒரு தோப்பில் 59 தென்னங்கன்று வைக்கிறீர்கள். ஒரே நீள வரிசையாகத்தான் வைக்க முடியும்; 59 பகா எண். இன்னும் ஒன்று வாங்கி 60 ஆக்குங்கள். 2, 3, 4, 5, 6, 10 என்று எத்தனை வரிசையாகவும் சமமாகப் பிரியும். 60-க்கு 12 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 12 இல்லை. ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்த நம் முன்னோர் கணக்கும் இங்கே நினைவுக்கு வரும்.

இப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் முந்தும் எண்ணை 'மிகு பகு எண்' என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று வரிசை போகும். 1915-இல் ராமானுஜன் இவற்றைப் பற்றிப் பெரிய ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதில் உள்ள பட்டியலின் கடைசி எண்தான் நான் மேலே சொன்னது.

அதைப் பிரித்துப் பாருங்கள். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. நடுவில் எந்தப் பகா எண்ணும் விடுபடவில்லை. அடுக்கு எங்கும் ஏறவில்லை. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை வரும்: 7×5×3×3×2×2×2×2×2 = 10080. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்றும், 4, 36 இரண்டு மட்டுமே விதிவிலக்கு என்றும் அவர் நிரூபித்தார்.

இனிதான் முக்கியம். நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் கொண்ட அந்தப் பட்டியலில் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது: 293318625600. பட்டியலின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் வருவது இதுவே! 5040 காரணிகள் உள்ள எண்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரும் கால்குலேட்டரும் இல்லாமல், ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்த கணக்கு இது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இங்கே எஃப்.ஏ. தேர்வில் தேறாதவருக்கு, இந்த ஆய்வுக்காக 1916-இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது.

வில்லியனூரோ பாகூரோ, "எனக்குக் கணக்கு வராது" என்று பதினொன்றாம் வகுப்பில் வேறு குரூப்புக்கு ஒதுங்கும் பிள்ளை ஒன்றாவது நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு வரத்தின் கதை உதவாது. விட்டுப்போன இந்த எண்ணின் கதை உதவும். கணக்கு என்பது போட்டுப் பார்ப்பது, தவறினால் திரும்பப் பார்ப்பது.

என்னிடம் படித்தவர்கள் பலர் இன்று அப்பா அம்மா ஆகிவிட்டீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை செல்போனை எடுத்து வைத்துவிட்டு, பிள்ளையோடு உட்கார்ந்து 60-க்கு அடுத்த மிகு பகு எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். விடையைக் கீழே பிள்ளையின் பெயரில் எழுதுங்கள். உங்கள் பெயரில் வேண்டாம்!