சுமை குறைத்தல்

அழகு கருதியே மகளிர் மார்பகக் குறைப்பு அறுவையை நாடுகின்றனர் என்பார் உளர். அக்கூற்று பொருந்தாதென்பது எமது துணிபு. மிகைப்பட்ட மார்பின் பளுவால் கழுத்தும் முதுகும் நோவ, உள்ளாடைப் பட்டை தோளிற் பள்ளம் பதிக்க, மடிப்பின்கீழ்த் தோல் புண்ணாக வருந்துவார் பலர். ருமேனிய நாட்டு டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப், முதுகுநோவு தாங்காது 2009-ஆம் ஆண்டிலே, தம் 17-ஆம் வயதில், இவ்வறுவையைச் செய்துகொண்டார். 2019-இல் விம்பிள்டனில் வாகை சூடினார். அறுவையே வெற்றி தந்ததென யாம் கூறோம். உழைப்பிற்கிருந்த தடையொன்று நீங்கிற்று என்பதே எம் கருத்து.

எனினும், கத்தி மட்டும் துயர் தீர்ப்பதன்று. புகைப்பழக்கமுடையார் சில வாரம் முன்னரே அதனை விடுதல் வேண்டும்; இன்றேல் புண் ஆறுதல் தடைப்படும். உண்ணும் மருந்துகளை மருத்துவரிடம் மறையாது கூறல் வேண்டும். தழும்பு நிலைக்கும், காம்பின் உணர்வும் பாலூட்டும் திறனும் குன்றவுங்கூடும். இவற்றையெல்லாம் முன்னரே கேட்டறிந்து துணிதல் நன்று.

அறுவைக்குப் பின்னர்ச் சில வாரங்கள் பளு தூக்கலாகாது. இங்கேதான் இல்லத்தார் கடமை தொடங்குகின்றது. 'பார்வைக்கு நலமாகத்தானே இருக்கின்றாள்!' என்று நீர்க்குடத்தை அவள் கையிற் கொடுப்போர், மருத்துவர் தைத்ததைப் பிரிப்போரே ஆவர். ஓய்வும் ஒரு மருந்து; அதனை அளிக்க வல்லவர் உடனுறைவாரேயன்றிப் பிறரல்லர்.