தம்பியைக் கூப்பிடும் பெயர்

நண்பர் ஒருவர் சீனாவில் யீவூ மார்க்கெட்டிலிருந்து ஹேர்கிளிப், பொம்மை எல்லாம் வரவழைத்து விற்கிறார். பி.காம். படித்த ஒரே பாவத்துக்காக அவர் கணக்கை வருஷா வருஷம் நான்தான் பார்க்க வேண்டும். கூலி, இரண்டு மசால் தோசை.

போன வாரம் பில்களுக்கு நடுவே ஒரு விசிட்டிங் கார்டு. அங்கே அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்ன பெண்ணுடையதாம். பெயர், 'ஹேப்பி'.

"இது நம்மள மாதிரி ஆளுங்களுக்காக வெச்சுக்கிட்ட பேர் சார். நிஜப் பேர் ஜாவ்தி."

"ஜவ்வாது மாதிரி மணக்குதே! என்ன அர்த்தமாம்?"

"கேட்டேன். சிரிச்சுட்டுப் பேச்சை மாத்திடுச்சு."

விடுவேனா? வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன்.

சீனர்களுக்குக் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். அடுத்து வரும் சொந்தப் பெயர் ஒரு எழுத்து, மிஞ்சினால் இரண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் அர்த்தம் உண்டு. எனவே, பெயரைச் சொன்னாலே பெற்றவர்களின் ஆசை வெளியே வந்துவிடும். 1949-ல் மக்கள் சீனக் குடியரசு உருவானபோது பிறந்த பையன்கள் நிறையப் பேருக்கு 'ஜியன்குவோ' என்று பெயர். 'நாட்டைக் கட்டு' என்று அர்த்தம். பாவம், வயசைக் குறைத்துச் சொல்லவே முடியாது!

இப்போது நம்ம ஜாவ்தி. 'ஜாவ்' என்றால், கையசைத்துக் கூப்பிடு. 'தி' என்றால் தம்பி. ஆக, பிறந்ததுமே அந்தக் குழந்தைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள்... 'போய்த் தம்பியைக் கூட்டிக்கிட்டு வா!'

இதே ரகத்தில் இன்னும் உண்டு. 'லாய்தி' என்றால் தம்பி வரட்டும். 'பான்தி' என்றால் தம்பிக்காக ஏங்கு. கொஞ்சம் ரோஷக்கார அப்பாவாக இருந்தால் 'ஷெங்நான்'. அதாவது, ஆணை மிஞ்சு. அதிலும் பாருங்கள், அளவுகோல் ஆண்தான்.

குடும்பப் பெயரும் முன்னோர் சடங்கும் மகன் வழியாகத்தான் போகும் என்பது அங்கே பழைய கணக்கு. அதன்மேல் 1980 முதல் 2015 வரை 'ஒரு குழந்தை' கொள்கை வேறு. முதல் குழந்தை பெண்ணாகப் பிறந்தால் கிராமத்தார் இன்னொன்று பெறலாம் என்று 1980-களின் நடுவில் பல மாகாணங்களில் தளர்த்தினார்கள். இருப்பது ஒரே ஒரு சான்ஸ். அதற்கு, அக்காவின் பெயரிலேயே தம்பிக்கு ஒரு போஸ்ட்-டேட்டட் செக்! எல்லோரும் பெயரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 2004-ல் அங்கே 100 பெண் குழந்தைகளுக்கு 121 ஆண் குழந்தைகள் பிறந்ததாகக் கணக்கு. அந்த வித்தியாசத்தில் பெயர்கூட வைக்கப்படாமல் போனவர்கள் எத்தனை பேரோ.

மறுநாள் நண்பருக்குப் போன் போட்டேன்.

"அந்தப் பொண்ணுக்குத் தம்பி உண்டா?"

"உண்டே! அவனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்னுதான் ஞாயித்துக்கிழமைகூட வேலைக்கு வந்துச்சு."

பதினெட்டு வயது முடிந்தால் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாமாம். இப்போது சில ஜாவ்திகள் அப்படி மாற்றிக்கொள்கிறார்கள். சந்தோஷம்.

சீனாக்காரரைக் கிண்டலடித்து இந்த வாரத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை. எட்டாம் வகுப்பில் எங்களோடு ஒரு போதும்பொண்ணு படித்தாள். வீட்டில் நாலாவது பெண். வாத்தியார் அட்டெண்டன்ஸில் அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரிப்போம். நான்தான் முதலில் ஆரம்பிப்பேன்.

அந்தச் சத்தத்தில் அவள் சொல்லும் 'உள்ளேன் ஐயா' வாத்தியாருக்குக் கேட்காது. பல நாள் ஆப்சென்ட் போட்டுவிடுவார்.