நோய் நான்கு, நோயாளி ஒருவர்

ஒரு நோய் வந்தாலே மனிதன் துவண்டு போகிறான். இரண்டாவதும் மூன்றாவதும் உடன்வந்து, போக மறுத்துத் தங்கிவிட்டால் அவன் நிலை என்னாகும்? நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவாதம், சிறுநீரகக் குறை ஆகியவற்றைப் பெரும்பாலும் மருத்துவம் கட்டுப்படுத்துமே ஒழிய அடியோடு போக்குவதில்லை. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மருந்து சொல்ல வல்லுநர் பலர் உளர். நான்கும் ஓர் உடலில் குடியேறிய பின் அந்த மனிதரை முழுமையாகப் பார்ப்பவர் யார்? இந்தக் கேள்வியை மன்றத்து அன்பர்கள் முன் வைக்கவே இதனை எழுதுகிறேன்.

மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், மண்டியா மாவட்டத்தில் இருக்கிறது மேல்கோட்டை. இராமானுசர் தமிழகம் விட்டு வந்து தங்கிய ஊர். திருநாராயணபுரம் என்று வைணவர் போற்றும் ஊர். பிழைப்புத் தேடி வந்த தமிழர் பலருக்கும் அவ்வூர் நிழல் தந்திருக்கிறது. என் பெரியம்மாவும் அவர்களுள் ஒருவர். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து, கோயில் தெருவில் பூக்கட்டி விற்று, இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். இன்று வயது 62.

சென்ற ஆண்டு வைரமுடித் திருவிழாவுக்குப் போயிருந்தபோது அவர் காலைப் பார்த்துத் திடுக்கிட்டேன். இரு பாதங்களும் வீங்கியிருந்தன. “என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், பெரியம்மா?” என்றேன். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். “காலையிலே நாலு, மத்தியானம் ரெண்டு, ராத்திரி மூணு, கண்ணு. எது எதுக்குன்னு மட்டும் கேக்காதே” என்றார்.

டப்பாவுக்குள் மூன்று மருத்துவர்களின் சீட்டுகள் இருந்தன. சர்க்கரைக்கு ஒருவர், அழுத்தத்துக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர். மூவரும் கற்றவர்கள், தத்தம் துறையில் தவறாமல் எழுதியவர்கள். ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்ததில்லை. முழங்கால் வலிக்குப் பத்து நாளைக்கென்று கொடுத்த மாத்திரை நன்றாகக் கேட்டதால், பெரியம்மா அதனைக் கடையிலேயே வாங்கி எட்டு மாதம் விழுங்கியிருக்கிறார். அந்த மாத்திரை உப்பையும் நீரையும் உடலில் தேக்கிற்று, அழுத்தத்தை ஏற்றிற்று. அழுத்தம் ஏறக் கண்ட மருத்துவர், காரணம் தெரியாமல், இன்னொரு மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சேர்த்தார். அழுத்த மாத்திரைகளுள் சில, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் கூடினால் சிறுநீரகத்திற்கு என்ன நேரும் என்பதை மருந்தியல் படித்தோர் அறிவர். ஒரு மருந்தின் கேட்டை மறைக்க மறு மருந்து. அதன் கேடு சிறுநீரகத்தின் தலையில்!

குற்றம் எங்கே பிடிபட்டது? பெரிய மருத்துவமனை எதிலும் இல்லை. ஊரிலுள்ள செவிலி ஒருவர், “அம்மா, பையிலுள்ளதை எல்லாம் கொட்டிக் காட்டுங்கள்” என்று கன்னடத்தில் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் வெளிவந்தது உண்மை. வலி மாத்திரை நின்றது. வீக்கம் வடிந்தது, அழுத்தம் தணிந்தது. சிறுநீரகம் மட்டும் முழுமையும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எட்டு மாதத்துக்கு முன்பே அக்கேள்வியை யாரேனும் கேட்டிருக்கலாகாதா?

இஃது ஒரு பூக்காரியின் கதை மட்டுமென்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டா. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர்க்கு நீரிழிவும், 31 கோடிக்கு மேற்பட்டோர்க்கு உயர் இரத்த அழுத்தமும் உள்ளதாக மதிப்பிட்டது. இவ்விரு கூட்டமும் வெவ்வேறு மக்களல்லர். ஒன்றோடொன்று கலந்து நிற்பவர்கள். ஸ்காட்லாந்தில் ஏறத்தாழ 17.5 இலட்சம் மக்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டவர்கள், அவர்களுள் 23 விழுக்காட்டினர்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட நாட்பட்ட நோய்கள் இருக்கக் கண்டனர். மிக வறிய பகுதிகளில் இந்நிலை 10 முதல் 15 ஆண்டு முன்னதாகவே வந்துவிடுகிறதாம். ஏழைக்கு நோயும் முந்திக்கொள்கிறது!

நம் மைசூரே இதற்கொரு சான்று தந்திருக்கிறது. இங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்தவர்களுள் 517 பேரை ஆராய்ந்து, 1996-இல் முடிவு வெளியாயிற்று. எடை குறைந்து பிறந்தவர்களிடையே பிற்காலத்தில் இதய நோய் மிகுதியாகக் காணப்பட்டது. தாயின் வயிற்றில் பட்ட குறை ஐம்பது வயதில் மார்பில் வந்து நிற்கிறது. வேர் இவ்வளவு ஆழத்தில் இருக்க, கிளைக்கொரு மருத்துவர், இலைக்கொரு மாத்திரை என்று பிரித்துக்கொண்டு நாம் என்ன கண்டோம்?

விதிப்படி நடந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அமெரிக்க மருத்துவர் சிந்தியா பாய்டும் அவர் தோழர்களும் 2005-இல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஐந்து நோய்களுடைய 79 வயது மூதாட்டி ஒருவரைக் கற்பனை செய்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய மருத்துவ விதிகளை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் என்னாகும் என்று பார்த்தார்கள். பன்னிரண்டு மருந்துகள் வந்து நின்றன! விதிகள் தனித்தனியே நல்லவைதாம், கூட்டினால் பாரமாகிவிடுகின்றன.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். நோயுற்றவரை முதலில் வைத்தார் என்பதை நினைவிற் கொள்க. நாமோ நடுவிலுள்ள இரண்டையும் பெருக்கிவிட்டு, முதலையும் கடையையும் மறந்தோம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமும், கருநாடக அரசு 2024-இல் கோலாரில் தொடங்கிய ‘கிருக ஆரோக்கியா’ திட்டமும் வீட்டுவாசலுக்கே ஆளை அனுப்பியதால் நாலாவது கூறுக்கு உயிர் கொடுத்தன. பாராட்டுகிறேன். ஆனால் வாசலுக்கு வருபவர் சர்க்கரையையும் அழுத்தத்தையும் அளந்துவிட்டுப் போனால் போதாது. பையைக் கொட்டிப் பார்க்க வேண்டும். முழங்காலையும், உறக்கத்தையும், மனச்சோர்வையும் கேட்க வேண்டும்.

மருத்துவர்க்கு நேரமில்லை என்பர். மெய்தான். வெளியே நூறு பேர் காத்திருக்கையில் ஒருவர்க்கு எத்தனை நிமிடம் கொடுக்க முடியும்? ஆகையினாலேயே சுமையைப் பகிர வேண்டும் என்கிறேன். நோயாளிக்கு ஒரே குறிப்பேடு. அதில் எல்லா மருந்தும், ஒவ்வொன்றும் எதற்கு என்ற ஒரு வரியும், அவர் படிக்கும் மொழியில். ஆறு மாதத்துக்கொரு முறை ஒரே மருத்துவர் முழுப் பட்டியலையும் பார்த்து, வேண்டாததை நீக்கல். அனைத்துக்கும் முன்பாக, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்ற கேள்வி. பெரியம்மாவிடம் நான் கேட்டேன். “நாலு மணி நேரம் உட்கார்ந்து பூக்கட்டணும், கண்ணு. வருசத்துக்கு ஒரு தடவை நரசிம்மர் மலை ஏறணும்” என்றார். எந்தச் சீட்டிலும் இவ்விரண்டும் எழுதப்படவில்லை.

இங்கே நம் கடமை என்ன? பெரியம்மா தமிழ் படிப்பார், சீட்டு ஆங்கிலத்தில், செவிலி பேசுவது கன்னடம். மூன்று மொழியும் அறிந்த மாணவர் நம் மன்றத்தில் எத்தனை பேர்! மருத்துவமும் மருந்தியலும் பயில்வோரும் இருக்கின்றனர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம்மவர் வாழும் தெருக்களுக்குச் சென்று குறிப்பேடு எழுதித் தருவோம். மருந்து சொல்ல வேண்டா; மாற்ற வேண்டா; அது மருத்துவர் உரிமை. உள்ளதை உள்ளவாறு எழுதி, அடுத்த முறை மருத்துவர் கையில் கொடுக்கச் சொன்னால் போதும்.

முதல் குறிப்பேட்டை நான் எழுதிவிட்டேன். பெரியம்மாவின் ஒன்பது மாத்திரைகள் ஐந்தாகின. குறைத்தவர் மருத்துவரே, அந்த ஏட்டைப் பார்த்து. இவ்வாண்டு பங்குனியில் அவர் மலையின் பாதி வரை ஏறி, படியில் அமர்ந்துகொண்டார். மீதிப் பாதியை அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். இரண்டாவது ஏட்டை எழுத யார் வருகிறீர்கள்?