மாவில்லாத மொறுமொறுப்பு

விருந்துக்கு முன்னால் கொறிக்க எதை வைப்பது என்று கேட்டால், என் ஓட்டு ஃப்ரீகோவுக்குத்தான். இத்தாலியின் வடகிழக்கு மூலையிலுள்ள ஃப்ரியூலி பகுதியின் பண்டம். உருளைக்கிழங்கு சேர்த்து அடை போல மெத்தென்று செய்வதற்கும் அங்கே இதே பெயர்தான். நான் சொல்வது மொறுமொறு வகையை. மோந்தாசியோ என்ற பாலாடைக்கட்டியைத் துருவி, சூடான சட்டியில் மெல்லிசாகப் பரப்பினால் போதும். எண்ணெய் வேண்டாம், உப்பு அதிலேயே இருக்கிறது. கொழுப்பு உருகி, தன் நெய்யிலேயே தான் பொரியும். ஈரம் ஆவியாகப் போகப் போகச் சலசலப்பு அடங்கும். ஓரம் பொன்னிறமானதும் எடுத்துவிட வேண்டும், அசந்தால் கசப்பு. சூட்டில் துணி போல வளையும். கவிழ்த்த கிண்ணத்தின் முதுகில் போர்த்தினால் ஆறியதும் அதே வடிவில் நிற்கும். இதில் சோள மாவு கலக்கச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பிடிப்புக்காக என்கிறார்கள். மொறுமொறுப்பு வராததற்குக் காரணம் மாவு இல்லாதது அல்ல, பாலாடைக்கட்டி இளசாக இருப்பது. மோஸரெல்லாவில் நீர் அதிகம், இழுபடும், நொறுங்காது. நன்றாக முதிர்ந்து உலர்ந்தது வேண்டும். குறைந்தது 12 மாதம் முதிரவைக்கும் பார்மிஜானோ ரெஜ்ஜானோவிலும் அருமையாக வரும் (விலையைப் பார்த்தால் வில்லையின் அளவு தானாகவே சுருங்கிவிடும்). முதல் நாளே சுட்டு வெளியே வைத்தால் அப்பளம் போல நமத்துப்போகும். விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போது அடுப்பைப் பற்றவைத்தால் சரியாக இருக்கும்.