சாமிக்கு மாத்திரை, பெண்ணுக்கு வலி!

பெண்களுக்கு மாதந்தோறும் ஏற்படும் உதிரப் போக்குக்கு நமது மக்கள் இட்டு வழங்கும் பெயர்களைச் சற்றுக் கவனித்துப் பார்க்கும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம். மாதவிலக்கு என்கின்றார்கள், வீட்டுக்குத் தூரம் என்கின்றார்கள், தீட்டு என்கின்றார்கள், தெற்கே நம் பக்கத்தில் தீண்டாரி என்று சொல்லுவதும் உண்டு. இவற்றுள் எதை எடுத்துக் கொண்டாலும் பெண்ணை விலக்கு, தள்ளி வை, தொடாதே என்பதே அதன் பொருளாயிருக்கின்றதேயொழிய, அந்த நாட்களில் அவளுக்கு என்ன செய்கின்றது, எங்கே வலிக்கின்றது என்று கேட்பதாக ஒன்றுகூட இல்லை. வைத்தியர்கள் மாத்திரம் சூதக வலி என்று ஒரு பெயர் வைத்திருக்கின்றார்கள். வீட்டிலோ அது வெறும் வயிற்றுவலி. பள்ளிக்கூடத்தில் அது ஜுரம். வேலை செய்யும் இடத்தில் அது சோம்பேறித்தனம். பெயர் சொல்லவே கூசுகின்ற ஒரு வியாதிக்கு மருந்து கேட்பது எப்படி?

வலியின் காரணம்

இந்த வலி தலைவிதியுமல்ல, பூர்வ ஜன்ம பாவமுமல்ல, பேயின் சேஷ்டையுமல்ல. கர்ப்பப் பையின் உட்புறத்தில் மாதந்தோறும் ஒரு படலம் வளருகின்றது. கரு தங்காத மாதத்தில் அது கழிந்து வெளியேறுகின்றது. அப்படிக் கழியும்போது புரோஸ்டாகிளாண்டின் என்னும் ஒரு பொருள் உண்டாகிக் கர்ப்பப் பையின் தசையை இறுக்கிப் பிடிக்கின்றது. தசை இறுகவே அதற்குச் செல்லும் இரத்தம் குறைந்து வலி பிறக்கின்றது. சிலருக்கு வாந்தியும் பேதியும் தலைவலியும் கூட வருவதற்கும் அதுவே காரணம். மாதவிலக்கு உதிரத்தில் தசையை இறுக்கும் ஒரு பொருள் இருப்பதைப் பிக்கிள்ஸ் என்னும் விஞ்ஞானி 1957-ம் ஆண்டிலேயே காட்டிவிட்டார்.

காரணம் தெரிந்தபடியால் பரிகாரமும் தெரிந்துவிட்டது. ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட் முதலிய மாத்திரைகள் அந்தப் பொருள் உண்டாவதையே தடுக்கின்றன. ஆதலால் வலி முற்றித் துடிக்கும் வரை காத்திராமல், உதிரம் காணத் தொடங்கும்போதே, வயிற்றில் ஆகாரத்தோடு, வைத்தியர் சொன்ன அளவில், இரண்டு மூன்று நாள் மட்டும் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு வலி அடங்கும். குடற்புண், மூத்திரக்காய்க் கோளாறு உள்ளவர்களும், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாமல் இழுப்பு வருகிறவர்களும், கர்ப்பமாயிருக்கலாம் என்று நினைப்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் இவற்றைத் தொடக்கூடாது. மெஃபனமிக் ஆசிட் சாப்பிட்டபின் உடம்பில் தடிப்பும் காய்ச்சலும் கண்டால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் போகவேண்டும். அபூர்வமாக நேரக்கூடிய இந்த ஆபத்தைப்பற்றி இந்திய பார்மகோபியா கமிஷனே 2023-ம் ஆண்டின் இறுதியில் எச்சரித்திருக்கின்றது. மருந்தென்றால் குணமும் உண்டு, குற்றமும் உண்டு. விபூதிக்குத்தான் இரண்டும் இல்லை.

கற்புக்கு வந்த ஆபத்து!

நிற்க, இந்த மாத்திரைகளுக்கும் அடங்காத வலியுடைய பெண்கள் அநேகர் இருக்கின்றார்கள். அவர்களுக்குக் கர்ப்பத்தடை மாத்திரையைக் கொடுப்பது இன்று உலகெங்கும் நடைபெறும் சிகிச்சை. அது முட்டை வெளிப்படுவதை நிறுத்தி, அந்தப் படலம் தடிக்காமல் செய்வதால், உதிரமும் குறைகின்றது, வலியும் குறைகின்றது. அமெரிக்காவில் முதல் கர்ப்பத்தடை மாத்திரைக்கு 1957-ல் அனுமதி கிடைத்தது மாதவிலக்குக் கோளாறுகளுக்கு மருந்தாகவே ஆகும். கர்ப்பத்தடைக்கென்று அனுமதி கிடைத்தது 1960-ல் தான். நம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாய்க் கொடுக்கப்படும் மாலா-என் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அதன் 28 மாத்திரைகளில் 7 இரும்புச்சத்து மாத்திரைகள்.

ஆனால் நடப்பதென்ன? கல்யாணமாகாத ஒரு பெண்ணுக்கு வைத்தியர் இதை எழுதிக் கொடுத்தால் தகப்பனாருக்குத் தூக்கிவாரிப் போடுகின்றது. "எங்கள் பெண்ணுக்கா? ஊரார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?" என்கின்றார். தாயார் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சுக்குத் தட்டப் போகின்றார். பெண் துடித்தால் துடிக்கட்டும், கற்பின் பேர் கெடாதிருந்தால் போதும் என்பது இதன் கருத்தல்லவா?

சரி, அந்த மருந்தின்மேல் இவர்களுக்கு உண்மையிலேயே பயம் என்றே வைத்துக் கொள்வோம். இதே வீட்டில் மண்டைக்காட்டுக் கொடைக்கு நாள் குறித்தாலும், குலதெய்வத்துக்குக் கொடை நடத்தினாலும், ஒரு கல்யாணம் வைத்தாலும், அந்தத் தேதிக்குப் பெண் விலக்காகிவிடுவாளோ என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்து, மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பி, "தள்ளிப்போடுகிற மாத்திரை" வாங்கி வரச் செய்கின்றார்களே, அது என்ன மருந்து? நோரெதிஸ்டிரோன் என்பது அதன் பெயர். 1951-ல் மெக்ஸிகோவில் செய்யப்பட்டுப் பின்னால் கர்ப்பத்தடை மாத்திரைகளுக்கு ஆதாரமாய் நின்ற மருந்துகளில் அதுவும் ஒன்று! அதாவது, வலி தீர்வதற்காக வைத்தியர் எழுதிக் கொடுத்தால் கற்புக்குக் கேடு. சாமி தீட்டுப்படாமல் இருப்பதற்காக வைத்தியரைக் கேளாமலே வாங்கிக் கொடுத்தால் புண்ணியம்! முந்தினதில் மானம் போகின்றதாம், பிந்தினதில் பக்தி வளருகின்றதாம்!

இவ்விரண்டு மருந்துகளும் எல்லாருக்கும் ஏற்றவையல்ல. இரத்தக் கட்டி ஏற்பட்டவர்கள், இரத்த அழுத்தம் மிகுந்தவர்கள், கண் முன் ஒளி தோன்றி வரும் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் முதலியோர் கர்ப்பத்தடை மாத்திரையைத் தாமாகச் சாப்பிடக்கூடாது. தள்ளிப்போடும் மாத்திரைக்கும் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. வைத்தியர் பார்த்துக் கொடுக்கும்போது வேண்டாமென்று தடுத்து, பாராமல் வாங்கும்போது விழுந்து விழுந்து வாங்குகின்ற இந்த நியாயத்தைத்தான் நாம் கேட்கின்றோம். பெண்ணின் உடம்பு யாருடையது? அவளுடையதா, சாமியுடையதா, வரப்போகும் மாப்பிள்ளையுடையதா?

கர்ப்பத்தடையைப் பற்றிக் "குடி அரசு" 1930-ம் ஆண்டிலேயே எழுதியபோது, மற்றவர்கள் குடும்ப வறுமையையும் தேக நலத்தையும் காரணம் காட்டி அதை ஆதரிக்க, பெரியார் அவர்கள் பெண்ணின் விடுதலையையே காரணமாகக் காட்டினார். அதன் உண்மை இந்த வலி விஷயத்திலேயே விளங்குகின்றது. விடுதலையில்லாதவளுக்கு வலி தீர்க்கும் மருந்தும் கிடைப்பதில்லை.

தீட்டின் யோக்கியதை

இந்தத் தீட்டு எங்கிருந்து வந்தது? இந்திரன் விசுவரூபன் என்கின்ற பிராமணனைக் கொன்றானாம். அந்தப் பிரம்மஹத்தி தோஷத்தைப் பங்கு போட்டுப் பூமிக்கும் மரங்களுக்கும் பெண்களுக்கும் கொடுத்தானாம். பெண்கள் வாங்கிய பங்கே மாதவிலக்காம். வேதமும் பாகவதமும் இப்படிச் சொல்லுகின்றன. கொலை செய்தவன் தேவேந்திரனாகச் சொர்க்கத்தில் இருக்கின்றான். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் இருக்கின்ற பெண்கள் அந்தக் கொலைக்காகச் சாக்குக் கிழிசலில் படுக்க வேண்டுமாம்! கிறிஸ்தவத் தோழர்கள் சிரிக்க வேண்டாம். அவர்கள் வேதத்தில் லேவியராகமமும் அவளை ஏழு நாள் தீட்டென்றே சொல்லுகின்றது.

இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். கன்னியாகுமரி ஜில்லா 1956 நவம்பர் 1-ந் தேதி தமிழ்நாட்டோடு சேருவதற்கு முன் நாம் இருந்த அதே திருவிதாங்கூரில், செங்கன்னூர் பகவதிக்கும் மாதவிலக்கு வருவதாகச் சொல்லிக் கோவிலை மூன்று நாள் அடைத்து, பிறகு ஆற்றில் நீராட்டி யானைமேல் ஊர்வலம் விடுகின்றார்கள். அந்தத் துணியைப் பக்தர்கள் பிரசாதமாகப் போற்றி வாங்குகின்றார்கள். கல்லுக்கு வந்தால் திருவிழா, பெண்ணுக்கு வந்தால் தீட்டு!

சுசீந்திரம் கோவில் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1926-ல் நம்மவர்கள் சத்தியாக்கிரகம் செய்தார்கள். 1936 நவம்பர் 12-ந் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. தீண்டாமை கொடியது என்று அன்று ஆண்கள் பேசிய பேச்செல்லாம் நியாயமே. அந்த ஆண்களின் பேரப்பிள்ளைகள் இன்று தம் வீட்டிலேயே மாதம் மூன்று நாள் ஒரு தீண்டாமையை நடத்துவது எந்த நியாயம்? இது வெறும் வழக்கந்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்பவர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். 2018 நவம்பரில் கஜா புயலின்போது, பட்டுக்கோட்டையை அடுத்த அணைக்காட்டில், பூப்படைந்ததற்காகத் தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்த 12 வயதுச் சிறுமி, அதன்மேல் தென்னை மரம் விழுந்து இறந்தாள். மரத்தை விழச் செய்தது புயல். அவளைக் குடிசையில் வைத்தது யார்?

கை வைத்தியமும் கல்யாண வைத்தியமும்

கை வைத்தியத்தை நாம் அடியோடு தள்ளச் சொல்லவில்லை. பாட்டி சொன்னாள் என்பதற்காக ஒப்புக் கொள்வதுமில்லை, பாட்டி சொன்னாள் என்பதற்காகத் தள்ளுவதுமில்லை. அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதனால் வலி குறையும் என்பது பரீட்சை செய்து கண்ட உண்மை. இஞ்சியும் சுக்கும் சிலருக்குச் சற்றுக் குணம் தருவதாகச் சில பரிசோதனைகளில் தெரிகின்றது. நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய உளுந்தங்களி நல்ல ஆகாரம், தாராளமாய்ச் சாப்பிடலாம். ஆனால் களி ஆகாரமேயன்றி நோய் தீர்க்கும் மருந்தல்ல. கெட்ட இரத்தம் போகட்டும் என்று பெரும்போக்கைச் சும்மா விட்டிருப்பது மடமை. அப்படிப் போவது நல்ல இரத்தமே. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்த சோகை இருக்கின்றது.

இவை எல்லாவற்றிலும் பெரிய புரட்டு, "கல்யாணமானால் சரியாய்ப் போய்விடும்" என்பதுதான். பெண்ணுக்கு வரும் நோய்க்கு ஒரு புருஷனை மருந்தாக எழுதிக் கொடுப்பது நம் நாட்டு வைத்தியம்! எண்டோமெட்ரியோசிஸ் என்று ஒரு நோய் உண்டு. கர்ப்பப் பைக்குள் இருக்கவேண்டிய படலத்தைப் போன்றது அதற்கு வெளியிலும் வளர்ந்து வாட்டுவது அது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10-ல் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. இது கல்யாணத்தால் தீருவதில்லை. பலருக்கு மலட்டுத்தன்மையையும் உண்டாக்குகின்றது. நோயைக் கவனியாமல் கட்டிக் கொடுத்துவிட்டு, பிறகு பிள்ளையில்லை என்று அவளையே மலடி என்பார்கள். வருஷத்துக்கு வருஷம் வலி கூடினாலும், விலக்கில்லாத நாளிலும் வலித்தாலும், ஒரு மணி இரண்டு மணிக்கொரு முறை துணி நனைந்தாலும், ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலும் தாமதம் செய்யாமல் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகவேண்டும்.

ஏழைப் பெண்ணின் வலி

வசதியுள்ளவள் படுக்கவாவது முடியும். அண்டியாபீஸில் உடைத்த எடைக்குக் கூலி வாங்குகின்றவள் என்ன செய்வாள்? படுத்தால் கூலி போய்விடும். ஆலை முதலாளிகள் இதற்குக் கண்ட வைத்தியத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களை 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் விசாரித்தபோது, பெயர்ச் சீட்டில்லாத மாத்திரைகள் வலிக்காகத் தங்களுக்குக் கொடுக்கப்பட்டதாக அவர்கள் சொன்னார்கள். இங்கே மருந்து கிடைத்தது, எதற்காக? அவள் வலி தீர அல்ல, இயந்திரம் நிற்காமலிருக்க! மகாராஷ்டிரத்தில் பீட் ஜில்லாவிலோ கரும்பு வெட்டும் கூலிப் பெண்கள் வேலை கெடாதிருக்கக் கர்ப்பப் பையையே எடுத்துவிட்டு வருவதாக 2019-ல் வெளியாகி, சர்க்கார் விசாரணைக் குழு வைக்க நேர்ந்தது. பீகார் சர்க்கார் 1992 முதல் தன் பெண் உத்தியோகஸ்தர்களுக்கு மாதம் இரண்டு நாள் லீவு கொடுக்கின்றது. ஸ்பெயின் தேசம் 2023-ல் சட்டமே செய்தது. உத்தியோகப் பெண்ணுக்கு உள்ள கர்ப்பப் பைதானே கூலிப் பெண்ணுக்கும் இருக்கின்றது?

செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே! மாத்திரை சாமிக்காக வந்தால் வீட்டுக்குள் வருகின்றது, முதலாளிக்காக வந்தால் ஆலைக்குள் வருகின்றது, பெண்ணுக்காக வந்தால் மட்டும் வாசலிலே நிற்கின்றது. அதை உள்ளே விடாமல் தடுப்பவை இரண்டு பூட்டுகள். ஒன்று தீட்டு, மற்றொன்று கற்பு. இரண்டுக்கும் சாவி ஆண்கள் கையில் இருக்கின்றது.

கூட்டத்தில் கைதட்டுகின்ற வாலிபர்கள் முதலில் தங்கள் வீட்டில் ஆரம்பிக்கட்டும். தனிப் பாயையும் தனித் தட்டையும் எடுத்து எறியுங்கள். மருந்துக் கடையில் தங்கைக்கும் மனைவிக்கும் பெயர் சொல்லி வாங்கிக் கொடுக்க வெட்கப்படாதீர்கள். மகள் வலிக்கின்றது என்றால் நம்புங்கள். வைத்தியர் கர்ப்பத்தடை மாத்திரை எழுதினால் குணத்தையும் குற்றத்தையும் அவரிடமே கேளுங்கள், ஊராரைக் கேட்காதீர்கள். "கல்யாணம் ஆயிற்றா?" என்று கேட்டு முகம் சுளிக்கின்ற வைத்தியரைக் கண்டால், நோய்க்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று திருப்பிக் கேளுங்கள்.

சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் பொறுத்துக் கொள்ளுகின்ற ஒவ்வொரு மாதத்தையும் உங்கள் பொறுமைக்கு அடையாளமென்று புகழ்வார்கள். அந்தப் புகழை அவர்களிடமே கொடுத்துவிட்டு, மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.